பாலம் தாண்டாத கார்

நடுவழியில் நிற்கும் காரைக் கண்டால் மனிதருக்கு ஒரே ஒரு கேள்விதான் வாயில் வரும். "பெற்றோல் இல்லையா?" பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிக் கேட்பார்கள். மாட்டு வண்டிக்காரன் கேட்பான். வயலில் குனிந்து நிற்கிறவன் வேலை மெனக்கெட்டு நிமிர்ந்து கேட்பான். பெற்றோல் இல்லாமல் காரை எடுத்துக்கொண்டு வரும் மடையன் என்று என் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது? மாத்தளைக் கடைத்தெருவில் ஏலக்காயும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவன் நான். ஸக்கரியா முதலாளி என்றால் தெரியும். தராசு முள் மயிரிழை சாய்ந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது.

ஆனால் கார் நின்றது உண்மை. பலாபத்வலைக்கு அப்பால், ரோட்டு வயலுக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. பல்லேபொலைப் பக்கம் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாலத்தடியில்தான் நிற்கும். மாத்தளையிலிருந்து அதுவரை வந்த தூரம் இன்னும் ஒரு மடங்கு போனால் என் மனைவி ஜெஸீமாவின் தாய் வீடு. அவள் அங்கே இருந்தாள். அவளைக் கூட்டி வர வேண்டிய நான் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார் மொரிஸ் மைனர். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது விற்றது. வாங்கும்போதே கிழடுதான். பச்சை நிறம் வெளிறி, கதவை இரண்டு தரம் அடித்தால்தான் மூடும். ஆனால் குடிக்கிறது மிகக் கொஞ்சம். ஒரு கலன் ஊற்றினால் கண்டிக்குப் போய்த் திரும்பிவிடும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியதும் இரண்டு பேரும் அதில் ஏறி எங்காவது போவோம். லக்கலைப் பக்கம் ஏலக்காய் பார்க்கப் போனாலும் ஜெஸீமா வருவாள். முன் சீட்டில் தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பாதை முழுக்கப் பேசுவாள். நான் "ம்" என்பேன். அவ்வளவுதான் என் பங்கு. அந்தப் பேச்சு இல்லாமல் ஒரு மனிதன் கார் ஓட்டுவது எப்படியிருக்கும் என்று அப்போது நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பெற்றோல் விலை ஒரேயடியாக ஏறிய வருஷம் அது. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியுமுன் கியூவில் நின்ற வருஷமும் அதுதான். கோதுமை மா கிடைத்தால் பெருநாள். காலையில் சுபஹு தொழுது வந்ததும் நான் டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்ப்பேன். இரவு விட்டதும் காலையில் இருப்பதும் சரியாக இருக்க வேண்டாமா? சரியாக இல்லை. அவளுடைய தம்பி ஜவாஹிர் மிளகு விற்க வந்து எங்களோடு தங்கிய நாட்களில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததைக் குறைந்தது என்றுதானே சொல்ல வேண்டும். சோற்றுக்கு உட்கார்ந்த இடத்தில் சொன்னேன்.

"பெற்றோல் தானாப் பறந்து போகுமா?"

ஜவாஹிர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். பதில் சொன்னது ஜெஸீமா.

"ஏலக்காய் வாசம் பறக்குறதில்லையா? மூடி சரியில்லாட்டி எல்லாம் பறக்கும். காருக்குள்ள பெற்றோல் மணம் மூக்கைத் துளைக்குதே, அது எங்கயிருந்து வருது? அதுக்குப் போய் என் தம்பியக் கள்ளனாக்குறீங்க."

"ஏலக்காயும் பெற்றோலும் ஒண்ணா? போடி, உனக்கென்ன தெரியும்" என்றேன்.

ஏலக்காய் பற்றி அவளுக்குத் தெரியாதது கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்துக்கு முன் வாங்குகிற ஏலக்காயைத் தகரங்களில் போட்டு அடைப்பது எங்கள் வீட்டில் அவள் வேலை. கோதுமை மாவைக் கெட்டியாகப் பசை காய்ச்சி, பழந்துணியில் பூசி, மூடியைச் சுற்றி ஒட்டுவாள். பிறகு பெருவிரல் நகத்தால் ஓரம் முழுக்க நெருக்கமாக அழுத்திக்கொண்டே போவாள். காய்ந்ததும் பிறைபிறையாக அவள் நகம் பதிந்திருக்கும். அந்தத் தகரத்தை ஆறு மாதம் கழித்து உடைத்தாலும் ஏலக்காய் நேற்றுப் பறித்ததுபோல் மணக்கும். கொழும்பு வியாபாரிகள் நகம் பதிந்த தகரம் இருக்கிறதா என்று கேட்டே வாங்குவார்கள்.

மறுநாள் நான் குச்சியைத் தேடினேன். அவள் அதை முறித்து அடுப்பில் வைத்துவிட்டிருந்தாள். அதற்கும் ஒரு சண்டை. அந்தக் கிழமை வீட்டில் ரொட்டியும் சுடவில்லை. மா முடிந்துவிட்டது என்றாள். கியூவில் நான் நின்று வாங்கி வந்த மா எந்த ஜின் தின்றது என்று அதற்கும் கத்தினேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிது. கடையில் அது தேவை. வீட்டில் அதைச் சின்னதாக்குகிற வித்தை எனக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு பெற்றோல் ஷெட்டில் டேங்க் நிறைய அடித்துக்கொண்டு, அவளுடைய உம்மாவைப் பார்க்கப் போனோம். பெற்றோல் அடிக்கும்போது என் கண் எப்போதும் மீட்டரில்தான் இருக்கும். மூடியை யார் கழற்றினார்கள், எங்கே வைத்தார்கள் என்று பார்க்கிற வழக்கம் எனக்கில்லை. பாலத்துக்குக் கிட்டப் போனதும் கார் இருமியது. இரண்டு தரம் தூக்கிப் போட்டது. பிறகு நின்றுவிட்டது. போகிற பஸ்ஸிலிருந்து ஒருவன் "பெற்றோல் இல்லையா?" என்றான். எனக்குத் தலைக்கேறியது.

"இந்தச் சனியன நாளைக்கே இரும்புக்காரனுக்குக் குடுக்குறேன்" என்று டயரை உதைத்தேன். "குடிக்கிறதும் குடிச்சிட்டு, நடுரோட்டில படுக்குது. இத வச்சு அழுறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

அவள் இறங்கினாள். தேத்தண்ணிப் போத்தலைச் சீட்டில் வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அடுத்து வந்த பஸ்ஸுக்குக் கைகாட்டினாள். மிதிபலகையில் காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"காரை வித்துப்போட்டு என்னைத் தேடி பஸ்ல வராதீங்க. வந்தா இதுலயே வாங்க. இல்லாட்டி வரவே வேணாம்."

பஸ் பாலத்தைத் தாண்டிப் போனது. அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துக் கார் தானாகக் கிளம்பியதும் மாத்தளைக்குத் திருப்பினேன். வீராப்பு எனக்கு ஒரு கிழமை தாங்கியது. பிறகு வீடு என்னைத் தின்னத் தொடங்கியது. குசினியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன், பூனையாக இருக்கும். கடையில் அவள் அடைத்த தகரங்கள் அடுக்கில் இருந்தன. வாடிக்கைக்காரர் வரவர ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். கத்தியை ஓரத்தில் வைத்து நெம்பும்போது நகப்பிறைகள் பொடிப்பொடியாக உதிரும். கடைசித் தகரத்துக்கு வந்தபோது என் கை நின்றது. கேட்டு வந்தவரிடம் ஏலக்காய் தீர்ந்துவிட்டது என்றேன். அவர் அடுக்கில் இருந்த தகரத்தைப் பார்த்தார். "அது வேற சரக்கு" என்றேன்.

காரை எடுத்துக்கொண்டு புஹாரி பாஸின் கராஜுக்குப் போனேன். அவர் மாத்தளையில் பாதி வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவர். முதல் வேலையாக டேங்கின் மூடியைக் கழற்றி எண்ணெய்ப் பலகையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கம்பியை விட்டுப் பெற்றோல் பார்த்தார்.

"பாஸ், பெற்றோல் இரிக்கு" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இரிக்கும் முதலாளி. எல்லாரும் இரிக்குண்டுதான் சொல்லுவாங்க."

பிறகு சாவியைத் திருப்பினார். கார் பூனைபோல் உறுமியது. பிளக் கழற்றித் துடைத்தார். ஊர் சுற்றி ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. நானும் நம்பி, டேங்க் நிறைய அடித்துக்கொண்டு புறப்பட்டேன். பாலத்தடியில் நின்றது. முன்போலவே அரை மணி நேரம் கிடந்து, பிறகு கிளம்பியது. மேலே போனால் அடுத்து எங்கே நிற்குமோ என்று பயந்து, திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பாஸ் இரண்டாம் தரம் காபரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பம்பைக் கழற்றிப் பார்த்தார், கம்பியை விட்டுப் பெற்றோல் பார்த்தார். கராஜில் நன்றாக ஓடியது. பாலத்தடியில் நின்றது.

"இங்க வந்தா நோய் மறைஞ்சு போகுது" என்று பாஸ் தாடியைச் சொறிந்தார். "ரோட்டில நிக்கும்போதே நான் பார்க்கணும். ஆனா அவ்வளவு தூரம் வர எனக்கெங்க நேரம்?"

அன்று பாலத்தடியில் பஸ் ஒன்று வந்தபோது நான் கைகாட்டப் பார்த்தேன். பாதி தூக்கிய கையை இறக்கிவிட்டேன். பஸ்ஸில் போய் இறங்கினால் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எனக்குத் தெரியும். கார் எங்கே என்பாள். பாலத்தடியில் நிற்கிறது என்றால் யார் நம்புவார்கள்? விற்றுவிட்டு வந்து கதை சொல்கிறான் என்பார்கள்.

ஆனால் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கண் இருக்கிறது. மாத்தளை ஸக்கரியா பாலம் வரை வருகிறார், திரும்பிப் போகிறார் என்று செய்தி அங்கே எட்டிவிட்டது. ஜவாஹிர் ஆள் மூலம் சொல்லியனுப்பினான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு லொறியோடு வருகிறானாம். தன் ராத்தா ஜெஸீமாவின் தையல் மெஷினும் அலுமாரியும் ஏற்றவாம். பொண்டாட்டியைப் பார்க்கப் பாதி வழி வந்து திரும்புகிற மனிதனிடம் அவளுக்கு இனி என்ன வேலை என்று கேட்டானாம். அலுமாரி வாசலைத் தாண்டினால் பிறகு தலாக்குப் பேச்சு, காதியாரிடம்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை கடையைத் திறக்கவில்லை. டேங்க் நிறைய அடித்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளம்பினேன். பலாபத்வலை தாண்டும் வரை காரோடு பேசிக்கொண்டே வந்தேன், சிரிக்க வேண்டாம். இன்று மட்டும் போய்விடு, உன்னை விற்கமாட்டேன், கழுவித் துடைத்து வைத்துக்கொள்வேன் என்றேன். பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் அது இருமியது.

இந்தத் தடவை உதைக்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். அப்படியே அழுதேன். பெரிய குரல்காரன் சத்தமில்லாமல் அழுதது அன்றைக்குத்தான்.

சைக்கிள் மணி கேட்டது. பல்லேபொலை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி சிவராசா. யாழ்ப்பாணத்துக்காரர். தொப்பியும் பென்சில் மீசையுமாக மருந்துப் பையோடு சைக்கிளில் திரிவார். என் கடையில் கராம்பு வாங்குகிற பழக்கம். ஒரு காலை ஊன்றி நின்று ஜன்னலால் பார்த்தார்.

"என்ன முதலாளி, பெற்றோல் முடிஞ்சு போச்சோ?"

அவ்வளவுதான். கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

"இறங்குங்க ஐயா. சைக்கிள விட்டு இறங்கி வாங்க. வந்து உங்க கண்ணாலயே பாருங்க. ஊரெல்லாம் இதத்தானே கேக்குறீங்க. பார்த்துட்டுப் போய் எல்லாருக்கும் சொல்லுங்க."

பாவம், அவர் பயந்துபோய் இறங்கினார். நான் பின்பக்கம் போய் மூடியை ஆத்திரத்தோடு திருகினேன். உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. பாம்போ என்று கையை இழுத்துக்கொண்டேன்.

சிவராசா தலையைச் சாய்த்துக் கேட்டார். "முதலாளி, அது வெளியால வந்த காத்தில்லை. உள்ளுக்குப் போன காத்து."

"அதுக்கு?"

"பிள்ளை போத்தல்ல பால் குடிக்கேக்கை பாத்திருப்பியள். உள்ளுக்குக் காத்துப் போகாட்டில் கொஞ்ச நேரத்தால பால் வராது. பிள்ளை சூப்பிச் சூப்பிக் களைச்சுப் போகும். உங்கட காரும் அப்பிடித்தான் எண்டு நினைக்கிறன். மூடியில காத்துப் போக ஒரு ஓட்டை இருக்க வேணுமே. இருக்கோ பாருங்கோ."

மூடியைத் திருப்பினேன். உட்பக்கம் வட்டமாக ஒரு துணி ஒட்டியிருந்தது. நீலக் கட்டம். நான் உடுத்திக் கிழிந்து, பிறகு தேடித் தேடிக் கிடைக்காத பழைய சாரன். பசை கல்லாகக் காய்ந்திருந்தது. ஓரம் முழுக்க, நெருக்கமாக, பிறைபிறையாக ஒரு பெருவிரல் நகம் பதிந்திருந்தது.

மூடியோடு போய்ப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். மா எங்கே போனது என்று கத்தினேனே, அது இங்கே இருந்தது. தான் ரொட்டி தின்னாமல் என் காருக்கு ஒட்டியிருக்கிறாள். பெற்றோல் பறக்காமல் இருந்தால் தம்பிமேல் பழி நீங்கும், கார் குடிக்கிறது என்று நான் கத்துவது நிற்கும், காரை விற்கவேண்டி வராது. இவ்வளவும் நினைத்துத்தான் அந்த நகத்தை ஒவ்வொன்றாக அழுத்தியிருப்பாள். அவள் ஒட்டியதால் நின்ற காரை, அவள் கண் முன்னாலேயே நான் உதைத்தேன்.

"ஆர் பாத்த வேலை இது?" என்றார் சிவராசா.

"என் வீட்டுக்காரி. பெற்றோல் பறக்காம இரிக்கட்டும்ண்டு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அதை மீசைக்குள் வைத்துக்கொண்டார். துணியை நான் பேனாக்கத்தியால் ஓரம் உடையாமல் கிளப்பினேன். சட்டைப் பையில் வைத்தேன். ஓட்டையில் அடைத்திருந்த பசையை அவர் தன் பையிலிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். சாவியைத் திருப்பியதும் பம்ப் டிக்டிக்கென்று அடித்தது. கார் பாலத்தைத் தாண்டியபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் தொப்பியை ஆட்டினார்.

வாசலில் கார் சத்தம் கேட்டு முதலில் வந்தது ஜவாஹிர். ஒதுங்கி நின்றான். அவன் கையைப் பிடித்து, "மச்சான், உன்ன நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது" என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தான். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜெஸீமா வந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே காரிடம் போய்ப் பொனட்டில் கையை வைத்தாள்.

"விக்கல்லையா?"

"இல்ல."

"என்ன கோளாறாம்?"

உண்மை நாக்கு நுனியில் நின்றது. வேறு நாளென்றால் ஊர் கேட்கச் சொல்லியிருப்பேன். உன் ஏலக்காய் வேலைதான் காரின் கழுத்தை நெரித்தது என்று ஒரு மாதம் சொல்லிக்காட்டியிருப்பேன்.

"குழாயில தூசி" என்றேன். "பாஸ் எடுத்துட்டாரு."

அவள் தன் பெட்டியை எடுத்துவர, காரின் பின்பக்கமாக வீட்டை நோக்கிப் போனாள். போனவள் நின்று மூக்கைச் சுருக்கினாள். மூடியைத் திறந்து திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒரு துணி ஒட்டியிருந்தேனே. எங்க?"

"கழுவும்போது போயிருக்கும்."

"அதான். பெற்றோல் எல்லாம் பறந்துக்கிட்டு இரிக்கு, நீங்க ஊராள்மேல பழியப் போடுறீங்க. கொஞ்சம் இருங்க."

குசினிக்குள் போனாள். இருக்கிற ஒரு பிடி மாவையும் எடுக்கிறாயா என்று மாமி சத்தம் போடுவது கேட்டது. சூடான பசையோடும் துணியோடும் திரும்பி வந்தாள். ஓட்டையில் அடைத்தாள். துணியை வைத்தாள். காரில் சாய்ந்து நின்றுகொண்டு பெருவிரல் நகத்தால் ஓரத்தை அழுத்தத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் வார்த்தை அதுதான்.

அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். அவள் முன் சீட்டில் தேத்தண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். உம்மாவின் முழங்கால் வலி, மிளகு விலை, பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டது. நான் "ம்" என்றேன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் இருமியது. கியரை நழுவவிட்டு, இறக்கத்தில் உருட்டிக்கொண்டுபோய் அந்தப் பாலத்தடியிலேயே நிறுத்தினேன்.

"சரியாயிடுச்சுண்டீங்க?"

"சூடு. கொஞ்சம் ஆறணும்."

அவள் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள். வயலில் வெயில் தாழ்ந்திருந்தது.

"கடையில என் தகரமெல்லாம் வித்துப்போச்சா?"

"ஒண்ணு இரிக்கு."

"ஏன், ஆள் வரல்லையா?"

"வந்தாங்க. நான்தான் குடுக்கல்ல. அத உடைச்சா உன் நகம் வீட்டில ஒரு இடத்திலயும் இல்லாமப் போயிடும். எனக்கு மனசு வரல்ல, ஜெஸீமா. நீ இல்லாம எனக்கு ஏலாது."

அவள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

இறங்கிப் போய் மூடியை ஒரு திருகு திருகினால் போதும். காற்று உள்ளே போகும், கார் கிளம்பும், மஃரிபுக்கு முன் வீட்டில் இருக்கலாம். நான் இறங்கவில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து பசுக்கன்றுக் கதையைத் தொடங்கியிருந்தாள்.

மாத்தளைப் பக்கம் போகும் பஸ் எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கேட்டான்.

"என்ன முதலாளி, பெற்றோல் இல்லையா?"

"இல்ல தம்பி" என்றேன். "நீங்க போங்க."